பத்து நாளில் வியட்நாம், எட்டு ஊர்கள்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பயணத் திட்டம்

கேள்வி, செப்டம்பர் 6

டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு வியட்நாமுக்குப் போக நினைக்கிறோம். நான், கணவர், பிள்ளைகள் இருவர், அறுபத்தெட்டு வயதான மாமியார் ஆகிய ஐவர். எங்களில் யாரும் அந்த நாட்டுக்குப் போனதில்லை. ஹனோய், சாப்பா, ஹாலோங், ஹுவே, டானாங், ஹோய் ஆன், தலாத், ஹோ சி மின் நகர் என்று எழுதி வைத்திருக்கிறோம். ஹோ சி மின் நகருக்குப் போய்வரும் விமானச் சீட்டு மலிவாகக் கிடைக்கிறது. பத்து நாள் போதுமா? புறப்படுவது மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து.

செப்டம்பர் 6, இரவு

எட்டு ஊருக்குப் போதாது. பத்து நாள் என்று நாம் சொல்வது உண்மையில் ஒன்பது இரவு. அந்த ஒன்பதை எட்டு ஊருக்குப் பங்கிட்டால், ஏறக்குறைய ஒவ்வொரு காலையும் பெட்டி கட்டுவதிலேயே விடியும். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு ஒன்றரை மணி நேர விமானப் பயணம்தானே என்று தோன்றலாம். ஆனால் விடுதியைக் காலி செய்வது, விமான நிலையம் போய்ச் சேர்வது, அங்கே காத்திருப்பது, இறங்கிய இடத்தில் மறுபடியும் வண்டி பிடிப்பது, பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் அறை தருவோம் என்று சொல்லும் விடுதியின் வரவேற்பறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பது எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், ஒவ்வோர் இடமாற்றத்துக்கும் அரை நாள் போய்விடும்.

அந்த நாடு வடக்கிலிருந்து தெற்கே ஏறத்தாழ 1,650 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. ஹனோய்க்கும் ஹோ சி மின் நகருக்கும் இடையிலான ரயில் பாதை 1,726 கிலோமீட்டர். விரைவு வண்டியே முப்பது மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. இப்படி நீண்டு கிடக்கும் நாட்டுக்கு ஒரே ஊரில் இறங்கி அதே ஊரிலிருந்து திரும்பும் சீட்டு மலிவாகத் தெரிந்தாலும் மலிவானதன்று. வடக்கே போனவர்கள் மறுபடியும் தெற்கே வந்தாக வேண்டும். அதற்கு ஐந்து பேருக்கும் உள்நாட்டு விமானக் கட்டணமும் ஒரு பகலும் செலவாகும். ஹனோயில் இறங்கி, தெற்கு நோக்கி நகர்ந்து, ஹோ சி மின் நகரிலிருந்து திரும்பும்படி இரண்டு தனிச் சீட்டுகளாக வாங்குங்கள். கோலாலம்பூரிலிருந்து இரண்டு ஊர்களுக்கும் நேரடி விமானம் உண்டு.

செப்டம்பர் 7

நேற்று எழுதாமல் விட்ட ஒன்று. பேராக்கிலிருந்து புறப்படுபவர்களுக்குப் பயணம் விமானத்தில் ஏறும்போது தொடங்குவதில்லை. நம் ஊரிலிருந்து கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏ போய்ச் சேர, வழியில் நெரிசல் இல்லாவிட்டாலும் மூன்றரை மணி நேரம் ஆகும். அனைத்துலகப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். விடியற்காலை ஆறரை மணி விமானம் நூறு ரிங்கிட் குறைவு என்று எடுத்தால், முந்தைய இரவு பதினொன்றரைக்கே வீட்டைப் பூட்ட வேண்டும். இரவு முழுவதும் தூங்காத மாமியாரும் பிள்ளைகளும் ஹனோயில் இறங்கினால் முதல் நாளைக் கணக்கில் சேர்க்க முடியாது. பிற்பகல் விமானமாகப் பாருங்கள். ஈப்போ அமான் ஜெயா முனையத்திலிருந்து விமான நிலையத்துக்கு நேரடிப் பேருந்து இருக்கிறது. காலையில் பசியாறிவிட்டு நிதானமாகக் கிளம்பலாம்.

திரும்பும் நாளுக்கும் இதே கணக்குதான். இரவு பதினொரு மணிக்குக் கேஎல்ஐஏ வந்து இறங்கினால் ஈப்போவுக்குப் பேருந்து கிடைக்குமா என்று முன்பே பார்த்து வையுங்கள்.

செப்டம்பர் 7, சற்றுப் பின்னர்

கடப்பிதழைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மலேசியர்களுக்கு முப்பது நாள்வரை விசா வேண்டாம். கடப்பிதழ் இன்னும் ஆறு மாதத்துக்குச் செல்லுபடியாக வேண்டும்; மாமியாருடையதை இன்றே எடுத்துப் பாருங்கள்.

பெயர் எழுதுவதில் நம்மவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கடப்பிதழில் இன்னாரின் மகன், மகள் என்பதைக் குறிக்கும் ஏ/எல், ஏ/பி என்று சாய்கோட்டுடன் இருக்கும் பெயரை விமான நிறுவனங்களின் படிவம் ஏற்பதில்லை. முதற்பெயர் எது, குடும்பப்பெயர் எது என்றும் அது கேட்கும். அந்த நிறுவனத்தின் வழிகாட்டலைப் படித்துவிட்டு ஒரு முறையை முடிவு செய்து, ஐந்து பேருக்கும் எல்லாச் சீட்டுகளிலும் அதே முறையில் எழுதுங்கள். ஒரு சீட்டில் தகப்பனார் பெயர் முன்னும் இன்னொன்றில் பின்னும் இருந்தால், விமான நிலைய முகப்பில் நின்று விளக்கம் சொல்லும் நிலை வரும். என் உறவினர் ஒருவருக்கு அப்படி நேர்ந்து, ஏறக்குறைய விமானத்தையே தவறவிட இருந்தார்.

செப்டம்பர் 9

டிசம்பரில் அங்கே மழையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்கு ஒரே பதில் கிடையாது. ஒரே வாரத்தில் அந்த நாட்டில் மூன்று வேறு வானிலைகள் நிலவும்.

வடக்கே, ஹனோயில், டிசம்பர் குளிர்காலம். பகலிலேயே இருபது பாகைக்குக் கீழே இறங்கும். கேமரன் மலையின் இரவுக் குளிர் பகலிலும் நீடித்தால் எப்படி இருக்குமோ அப்படி. அறைகளில் சூடேற்றி எங்கும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். தெற்கே ஹோ சி மின் நகரில் அப்போது மழை ஓய்ந்த பருவம்; வெயில் நமக்குப் பழகிய வெயில்தான். இந்த இரண்டுக்கும் நடுவே, ஹுவே, டானாங், ஹோய் ஆன் ஆகிய ஊர்களில் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். அக்டோபரிலும் நவம்பரிலும் வெள்ளம் வருவது அங்குள்ளவர்களுக்குப் புதிதன்று. ஹோய் ஆனில் ‘தான் கீ’ என்ற பழைய வணிகர் வீடு ஒன்று பார்வைக்குத் திறந்திருக்கிறது. அதன் சுவரில் எந்த ஆண்டு வெள்ளம் எந்த உயரம்வரை வந்தது என்று குறித்து வைத்திருக்கிறார்கள். 1999ஆம் ஆண்டுக் குறியின் கீழே நின்று நான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. ஆற்றை ஒட்டிய வீடுகளில், மரச்சாமான்களைக் கப்பி போட்டு மேல்மாடிக்கு இழுக்க மாடித் தரையிலேயே சதுரத் திறப்பு வைத்திருக்கிறார்கள்.

டிசம்பர் பிற்பகுதியில் வெள்ளத்தின் வேகம் பெரும்பாலும் குறைந்துவிடும், தூறல் மட்டும் நீடிக்கும். ஆகவே நடுப்பகுதியை அடியோடு கைவிட வேண்டாம். ஆனால் அங்கு எடுக்கும் விடுதி, கட்டணமின்றி ரத்து செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். இருநூறு ரிங்கிட் மிச்சமாகிறது என்று திரும்பப் பெற முடியாத விலையில் எடுக்காதீர்கள்.

செப்டம்பர் 10

அப்படியானால் சீனப் புத்தாண்டு விடுமுறைக்குத் தள்ளிப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நமக்குச் சீனப் புத்தாண்டு வரும் அதே வேளையில் அவர்களுக்குத் தெத் பண்டிகை. நகரங்களில் வேலை செய்பவர்கள் எல்லாரும் சொந்த ஊருக்குக் கிளம்புவார்கள். ரயிலில் படுக்கை கிடைக்காது, உள்நாட்டு விமானக் கட்டணம் ஏறிவிடும், சிறு உணவகங்கள் பல நாள் மூடிக் கிடக்கும். அந்த நாட்டை முன்பே அறிந்தவர்கள் அந்தப் பண்டிகையைப் பார்க்கவென்றே போகலாம். முதல்முறை போகும் குடும்பத்துக்கு அது ஏற்ற வேளையன்று. டிசம்பரிலேயே இருங்கள்.

செப்டம்பர் 13

உங்கள் கணவர் சாப்பாவை விட மனமில்லாமல் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவருக்காக மறுபடியும் யோசித்துப் பார்த்தேன். சாப்பா சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஹனோயிலிருந்து பேருந்தில் ஐந்தாறு மணி நேரம். ரயில் என்றால் லாவ் காய்வரை ஓர் இரவு, அங்கிருந்து மறுபடி மலையேறும் வண்டி. போக ஒரு நாள், வர ஒரு நாள் கழித்தால், பார்ப்பதற்கு என்று இரண்டு இரவாவது தங்க வேண்டும். டிசம்பரில் படிக்கட்டு வயல்கள் அறுவடை முடிந்து வெறும் சேறாக இருக்கும், பல நாள் பனிமூட்டம் எதிர்மலையைக்கூடக் காட்டாது. படங்களில் நாம் பார்க்கும் பொன்னிற வயல்கள் செப்டம்பர் மாதத்தவை. மலைதான் அவருக்கு வேண்டும் என்றால், இன்னோர் ஆண்டு செப்டம்பரில் சாப்பாவுக்கென்றே தனியாகப் போவது அந்த ஊருக்கும் நல்லது, அவருக்கும் நல்லது.

அதற்குப் பதிலாக நிங் பின் போகலாம். ஹனோயிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம், அன்றே திரும்பலாம். சுண்ணாம்புக் குன்றுகள் நெல்வயல்களுக்கும் ஆற்றுக்கும் நடுவே எழுந்து நிற்கின்றன. அங்குள்ள திராங் ஆன் பகுதி 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஈப்போ, கோப்பெங் பக்கத்துக் குன்றுகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த வடிவம் பழக்கமானதுதான், ஆனால் படகில் உட்கார்ந்து குன்றின் அடிவயிற்றுக்குள்ளேயே புகுந்து மறுபக்கம் வருவது நமக்குப் புதிது. அருகிலுள்ள தாம் கோக்கில் படகோட்டும் பெண்கள் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து இரண்டு பாதங்களாலும் துடுப்பைத் தள்ளுவார்கள். எங்கள் படகை ஓட்டிய அம்மா ஒரு குகைக்குள் நுழையும்போது கால்களை நிறுத்தாமலேயே, கையால் பாறையைத் தொட்டுப் படகின் போக்கைத் திருத்தினார்.

செப்டம்பர் 14

நிங் பின் பற்றி நேற்று எழுதியபோது மாமியாரின் முழங்கால் வலி எனக்குத் தெரியாது. அந்தப் படகுகள் மிகத் தாழ்ந்தவை, இருக்கையும் தரையோடு ஒட்டினாற்போல் இருக்கும், ஏறி இறங்கும்போது படகு ஆடும். திராங் ஆனில் நீண்ட வழிகள் மூன்று மணி நேரம்வரை போகும். முழங்காலை மடக்க முடியாதவருக்கு அது வேதனை. ஹாலோங்கின் பகல்நேரக் கப்பல் அவருக்கு எளிது. மேசை நாற்காலி போட்ட கூடத்தில் உட்கார்ந்தபடியே குன்றுகளைப் பார்க்கலாம். விரைவுச்சாலை வந்த பிறகு ஹனோயிலிருந்து ஹாலோங் இரண்டரை மணி நேரம்தான். ஆகவே உங்கள் குடும்பத்துக்கு ஹாலோங்கே சரி. கப்பலிலேயே இரவு தங்கும் திட்டத்தை நீங்கள் எடுக்க வேண்டியதில்லை; அதற்காகப் பெட்டிகளை இரண்டு முறை மாற்ற வேண்டியிருக்கும்.

செப்டம்பர் 14, இரவு

மாட்டிறைச்சி உண்ணாதவர்கள், வெள்ளிக்கிழமை சைவம் என்று எழுதியிருந்தீர்கள். ஃபோ எனப்படும் நூடுல்ஸ் சூப் பெரும்பாலான கடைகளில் மாட்டெலும்பில் கொதிக்க வைப்பது. மேலே மாட்டிறைச்சித் துண்டு போடாமல் தரச் சொன்னாலும் சாறு அதே சாறுதான். கோழிச் சாறு விற்கும் கடைகள் தனியாக இருக்கின்றன; ‘ஃபோ கா’ என்று கேட்க வேண்டும். சைவத்துக்கு ‘சாய்’ என்று எழுதிய பலகையைத் தேடுங்கள். புத்த சமயத்தார் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சைவம் உண்பதால், சிறு ஊர்களில்கூட அத்தகைய கடை இருக்கும். மற்றக் கடைகளில் வெறும் கீரை வதக்கலிலும் மீன் சாஸ் ஊற்றுவார்கள். அதைத் தவிர்க்க விரும்பும் மாமியாருக்கு வெள்ளிக்கிழமைகளில் ‘சாய்’ கடையைத் தவிர வேறு வழியில்லை. ஊறுகாய்ப் புட்டியைப் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

செப்டம்பர் 17

பணம். ஒரு ரிங்கிட்டுக்கு ஐயாயிரம் டோங்குக்கு மேல் கிடைக்கும். பூச்சியங்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். கவனம் வேண்டிய இடம் வேறு. 20,000 டோங் நோட்டும் 500,000 டோங் நோட்டும் இரண்டுமே நீலநிறம், இரண்டிலும் ஹோ சி மின் முகம். இரவில், வாடகை வண்டியின் மங்கிய விளக்கில், ஒன்றைக் கொடுப்பதாக எண்ணி மற்றதைக் கொடுத்துவிடுவது மிக எளிது. வேறுபாடு இருபத்தைந்து மடங்கு. ஐந்து லட்ச நோட்டுகளை வேறொரு பையில் பிரித்து வையுங்கள், அன்றன்று ஒன்றை மட்டும் சில்லறையாக மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டிக்கு, நாம் இங்கே பயன்படுத்தும் கிராப் செயலியே அங்கும் வேலை செய்கிறது. ஐவரும் பெட்டிகளும் என்பதால் ஏழு இருக்கை வண்டியாகக் கேளுங்கள். நம் வீட்டு மூன்று முனைச் செருகி அங்கே பொருந்தாது. இரண்டு முனை மாற்றி ஒன்றிரண்டு வாங்கிப் போங்கள்.

செப்டம்பர் 21

மாமியார் மி சோன் கோயில்களைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று தெரிந்ததும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. முழுத் திட்டத்தையும் அதைச் சுற்றியே அமைக்கலாம் என்று நினைக்கிறேன்.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் இன்றைய வியட்நாமின் நடுப்பகுதியில் இருந்த சம்பா நாட்டு மன்னன் பத்ரவர்மன் அங்கே சிவனுக்குக் கோயில் எடுத்து, இறைவனைப் பத்ரேஸ்வரர் என்று அழைத்தான். அதன் பின் பதின்மூன்றாம் நூற்றாண்டுவரை மலைசூழ்ந்த அந்தப் பள்ளத்தாக்கில் செங்கற்கோயில்கள் எழுந்துகொண்டே இருந்தன. 1969 ஆகஸ்டில் அமெரிக்கக் குண்டுவீச்சில் மிகப் பெரிய கோபுரம் இடிந்தது. குண்டு விழுந்த குழிகள் இன்றும் புல் மூடிக் கிடக்கின்றன. இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே சீரமைப்புப் பணி செய்தபோது, 2020 மே மாதத்தில் ஒரே மணற்கல்லில் செதுக்கிய சிவலிங்கம் ஒன்று மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. வழிபாடு நின்று பல நூற்றாண்டு ஆன இடம். கற்பூரம் ஏற்ற முடியாது என்பதை மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நுழைவாயிலிலிருந்து கோயில்களுக்கு அருகில்வரை மின்வண்டி போகிறது, ஆகவே முழங்காலுக்குப் பெரிய சோதனை இல்லை. ஹோய் ஆனிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். விடிந்ததும் கிளம்பினால் கூட்டம் சேருவதற்குள் பார்த்துவிடலாம். அங்கிருந்து மீட்ட சிற்பங்கள் பல டானாங் சாம் அருங்காட்சியகத்தில் உள்ளன. 1919 முதல் இயங்கும் அந்த அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

இப்போது இரவுகளைப் பங்கிடுகிறேன்: ஹனோயில் மூன்று, ஹோய் ஆனில் மூன்று, ஹோ சி மின் நகரில் மூன்று. நடுவே இரண்டே விமானப் பயணங்கள். ஹோய் ஆனுக்கு விமான நிலையமோ ரயில் நிலையமோ கிடையாது. டானாங்கில் இறங்கி வண்டியில் முக்கால் மணி நேரம் போக வேண்டும். தலாத்தும் சாப்பாவும் ஹுவேயும் இந்த முறை இல்லை.

செப்டம்பர் 22

ஹுவேயை எடுத்துவிட்டது என் மனத்தை உறுத்துகிறது. 1802 முதல் 1945 வரை ஆண்ட நுயென் மன்னர்களின் தலைநகரம் அது. அதைவிட, ஹுவேக்கும் டானாங்குக்கும் இடையிலான ரயில் பாதைக்காகவே நான் மறுபடியும் போவேன். சாலை வண்டிகள் 2005இல் திறந்த ஹாய் வான் சுரங்கத்துக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடுகின்றன. ரயிலோ மலையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கடலுக்கு மேலே வளைந்து வளைந்து போகிறது. மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். பிள்ளைகளுக்கு அது மிகப் பிடிக்கும்.

ஒரு வழி இருக்கிறது. ஹோய் ஆனில் தங்கும் நாள்களில் ஒன்றைத் திட்டமின்றி விடுங்கள். முந்தைய மாலை வானம் தெளிந்திருந்தால், மறுநாள் காலை டானாங்கிலிருந்து சாலை வழியாக ஹுவே போய் அரண்மனையைப் பார்த்துவிட்டு, ரயிலில் திரும்புங்கள். தெற்கு நோக்கி வரும்போது கடல் இடப்பக்கம். அந்தப் பக்கத்து இருக்கையாக வாங்குங்கள். மழை என்றால் போக வேண்டாம், ஹோய் ஆனிலேயே இருந்துவிடுங்கள்.

செப்டம்பர் 28

ஹோ சி மின் நகரில் மூன்று இரவு எதற்கு என்று ஒரு வாசகர் கேட்கிறார். போர்க்காலத்தில் வீரர்கள் பதுங்கியிருந்த கூ சி சுரங்கங்களுக்கு ஒரு பகல் போகும். பென் தான் சந்தைக்கு அருகிலுள்ள மாரியம்மன் கோயிலில் வியட்நாமியப் பெண்களும் சீனப் பெண்களும் ஊதுவத்தியோடு வரிசையாக நிற்பதை மாமியார் பார்க்க வேண்டும். நாட்டுக்கோட்டை நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயிலும் அங்கிருந்து தூரமில்லை. இவை போக, ஊர் திரும்புமுன் ஒரு நாள் ஓய்வு வேண்டும்.

கூ சி போகும் வழியில் ரப்பர்த் தோட்டங்கள் வரும். 1877இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளிலிருந்து நம் பக்கத்து ரப்பரின் கதை தொடங்குகிறது என்றால், பிளேக் கிருமியைக் கண்டறிந்த மருத்துவர் அலெக்சாந்தர் யெர்சின் அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் நா திராங் அருகே நட்ட மரங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கங்காணிகள் நம்மவர்களைக் கப்பலேற்றியதைப் போலவே, வடக்கு வியட்நாமின் ஏழைகளை ஆள்பிடித்துத் தெற்கே மிஷலின் டயர் நிறுவனத்தின் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தார்கள். ஃபூ ரியெங் தோட்டத்தில் 1930இல் அவர்கள் நடத்திய வேலைநிறுத்தம் அந்நாட்டு வரலாற்றில் இடம்பெற்றது. மலேசியாவில் செம்பனை வந்து ரப்பரைத் தள்ளிய பிறகு, இன்று நம்மைவிட அவர்களே மிக அதிகமாக உற்பத்தி செய்கிறார்கள். பால்வெட்டிப் பிழைத்த என் தாயார் என்னோடு வந்திருந்தார். வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒரு மரத்தின் வெட்டுக் கோட்டைப் பெருவிரலால் மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தார். பால் சேரும் மங்குக் கிண்ணத்தைச் சற்றே திருப்பி, பால் நடுவில் விழும்படி வைத்தார். ‘கைத்திருத்தமான வெட்டு, மரத்தைக் காயப்படுத்தவில்லை’ என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். உங்கள் மாமியாரும் தோட்டத்தில் வேலை செய்தவர் என்றால், அங்கே பத்து நிமிடம் நிற்க நேரம் ஒதுக்குங்கள்.

அக்டோபர் 2

வாங்கும் வரிசை. முதலில் அனைத்துலகச் சீட்டுகள் இரண்டும். அடுத்து உள்நாட்டு விமானங்கள். மலிவு விமானங்களில் கைப்பை ஏழு கிலோதான் என்பதால் ஐவருக்குமாக இரண்டு பெட்டிகளுக்கு எடை வாங்கினால் போதும். ஓர் உள்நாட்டு நிறுவனம் எங்கள் காலை விமானத்தை முதல் நாள் குறுஞ்செய்தி அனுப்பி மாலைக்கு மாற்றிவிட்டது. அதனால் உள்நாட்டு விமானத்தையும் கோலாலம்பூர் விமானத்தையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். பயணக் காப்புறுதியை விமானச் சீட்டு வாங்கிய அன்றே எடுத்துவிடுங்கள், மாமியாரின் வயதுக்கும் அது பொருந்துமா என்று படித்துப் பார்த்து. விடுதிகள் கடைசியில்.

ஹனோய்ப் பழைய நகரத்து விடுதிகள் குறுகலாகவும் உயரமாகவும் கட்டப்பட்டவை. பலவற்றில் மின்தூக்கி இருக்காது, இருந்தாலும் வாசலில் ஐந்தாறு படிகள் இருக்கும். பணம் கட்டுமுன் விடுதிக்கு எழுதி, மின்தூக்கி உண்டா, முதல் மாடியில் அறை தர முடியுமா என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.